நான் நிறுத்தாத என்ஜின்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகளின் பழைய நோட்டில் மீந்திருந்த பக்கங்களில் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் என்ஜின் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன்தான். ஆனால் தயங்கியது அதனால் இல்லை. என் சகலை இதைப் படிப்பான். அதுதான்.

கர்த்தர் என்னை ஏரிக்குள்ளிருந்து தூக்கிவிட்ட கதையை எங்கள் சபையில் எல்லாரும் சொல்கிறார்கள். உத்திரமேரூர் பக்கம் ஜெபக் கூட்டங்களுக்குப் போனால், என்னைப் பார்த்தே இராதவர்கள்கூட, "அந்தக் கடப்பாரை தட்டினவரா நீங்க?" என்கிறார்கள். அவர் எனக்குச் செய்தது எல்லாருக்கும் தெரியும். நான் செய்தது தெரியாது.

நான் கூலிக்காரன். நடவு, அறுப்பு, கிணற்றில் தூர் எடுப்பது, எது கிடைத்தாலும் செய்வேன். ஆனால் ஊரில் எனக்கு மட்டும் என்று ஒரு வேலை இருந்தது. எங்கள் ஏரியில் கசிவு கண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கரைக்கு வெளியே, வயல் பக்கம், தண்ணீர் கசிந்து வரும். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ஏரிக்கு உள்ளே அந்த ஓட்டையின் வாய் எங்கே இருக்கிறது என்பது கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். நான் கடப்பாரையோடு முங்குவேன். அதை அடி மண்ணில் ஊன்றி, மேல் முனையைப் பல்லில் கடித்துக்கொள்வேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம் இரும்பில் ஏறிப் பல் வழியாக மண்டைக்குள் "உஸ்" என்று வரும். பத்தடி தள்ளி ஊன்றினால் குறையும், கிட்டே போனால் கூடும். அப்படியே தேடிப் போக வேண்டியதுதான்.

அதற்கு ஏரி அமைதியாக இருக்க வேண்டும். ஏரி ஓரத்தில் தண்ணீர் இறைக்கிற என்ஜின் ஒன்று ஓடினாலும் போச்சு. வெளியே காற்றில் கேட்காத சத்தம் தண்ணீருக்குள் தடதடவென்று தலையில் இடிக்கும். அதனால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நான் முங்கப் போகிற அன்று கரையில் மூங்கில் நட்டு அதில் சிவப்புத் துண்டு கட்டுவார்கள். துண்டு ஏறிவிட்டால் என்ஜின்கள் நிற்க வேண்டும். முதல் நாளே நான் சைக்கிளில் ஏரியைச் சுற்றிப் போய் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வருவேன். "நாளைக்கு நிறுத்திடுங்க" என்று நான் சொன்னால் வயல்காரர்கள் தலையாட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் பேச்சுக்கு அவர்கள் தலையாட்டுவது. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கர்த்தருக்குத் தெரியும்.

இப்போது சகலையைப் பற்றி. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வாலாஜாபாத்தில் மைக் செட் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை, எல்லாவற்றுக்கும் அவன்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பொத்தான் நிறைந்த பெட்டி முன்னால் உட்கார்ந்து, யார் பேசினாலும் அவர் குரலை ஏற்றி இறக்குவான். போதகர் பிரசங்கம் பண்ண ஏறினால் முதலில் பார்ப்பது அவன் முகத்தைத்தான்.

மாமியார் வீட்டில் மூத்த மருமகன் நான். கோழிக் குழம்பு வைத்தால் கால் துண்டு அவன் தட்டில் விழும். ஃபேனுக்குக் கீழே இருக்கிற நாற்காலி அவனுக்கு. "தம்பி வேர்த்துக்கினு வந்துக்கீது" என்பார் மாமியார். நான் சாலவாக்கத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருப்பேன். எனக்கு வேர்க்காதா? இதெல்லாம் சின்ன விஷயம் என்று தெரியும். ஜெபத்தில் ஒவ்வொரு நாளும் இதைக் கீழே இறக்கி வைப்பேன். எழுந்திருக்கும்போது மறுபடி தூக்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. கார்த்திகை கடைசியில் மதகுக்குப் பக்கத்தில் வயல் பக்கம் கசிவு தெரிந்தது. முதலில் தெளிந்த தண்ணீர். நாலு நாளில் செம்மண் நிறமாக மாறியது. தெளிவாக வந்தால் பயமில்லை. மண் நிறத்தில் வந்தால் ஓட்டை கரையை உள்ளே அறுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மதகுக்கு நேர் கீழே இருப்பது எங்கள் தெரு. கரை உடைந்தால் முதலில் தண்ணீர் வருவது என் வீட்டுக்குள்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் பின்னால் சொல்லப்போவதைச் செய்தேன்.

துண்டு கட்டினார்கள். முங்கினேன். மதகின் வாயில் இடது பக்கம் "உஸ்" கேட்டது. அங்கேதான் என்று கை காட்டினேன். ஒரு டிராக்டர் மண் மூட்டை இறக்கினார்கள். மறுநாள் கசிவு இன்னும் சிவந்தது. மதகுக் கதவின் இடுக்கில் எப்போதும் இருக்கிற சின்னக் கசிவைத்தான் நான் ஓட்டை என்று நினைத்திருக்கிறேன். அதன் சத்தத்துக்குள் பெரிய ஓட்டையின் சத்தம் மறைந்துவிட்டது.

பாசன சங்கத் தலைவர் கரையில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாப்பா, கடப்பார துருப் புடிச்சிக்கிச்சா, காது துருப் புடிச்சிக்கிச்சா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே சகலை பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் பெட்டி, வயர்ச் சுருள், காதில் மாட்டுகிற ஹெட்போன்.

"ணா, நான் ஒண்ணு செஞ்சி வெச்சிக்கிறேன். பாக்குறியா?"

பையிலிருந்து ஒரு மாத்திரை பாட்டிலை எடுத்தான். உள்ளே பஸ்ஸரிலிருந்து பிரித்த பித்தளைத் தகடு, அதிலிருந்து வயர். பாட்டில் முழுக்கத் தேங்காய் எண்ணெய். மூடியைப் பசை வைத்து அடைத்திருந்தான்.

"இன்னாடா இது, ஊறுகாயா?" என்றேன்.

"தண்ணிக்குள்ள விடுற மைக்குணா. மொதல்ல வெறும் பாட்டில்ல போட்டேன், ஒண்ணும் கேக்கல. உள்ள காத்து இருந்தா சத்தம் ஏற மாட்டேங்குது. எண்ணெய் ஊத்தினேன், எங்க வூட்டுத் தொட்டில கொசுப் புழு நெளியறதுகூட கேக்குது."

சங்கத் தலைவர் உடனே பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கடப்பாரையை ஒரு நாளும் அவர் அப்படிக் கையில் வாங்கியதில்லை. "நாளைக்கே போட்டுப் பாக்கலாம் தம்பி. துண்டு கட்டிடறோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ போயி என்ஜின்காரங்களாண்ட சொல்லிடு" என்றார்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் கிளம்பினேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசியாக எதிர்க் கரையில் கோரைக்குப் பின்னால் ஒரு வயல்காரர். நாற்றங்காலுக்கு ஏரியிலிருந்தே டீசல் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே கேட்டார்: "இன்னாப்பா, நாளைக்கும் துண்டா?"

நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நெஞ்சில் அந்த பாட்டில் வந்து நின்றது. தலைவர் அதைத் திருப்பிப் பார்த்த விதம் நின்றது.

"துண்டு கட்டுவாங்கணா. ஆனா நீங்க ஓட்டுங்க. இந்த மூலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவ்வளவுதான். அந்தக் கோரைக்குப் பின்னால் ஓடுகிற என்ஜின் மதகுக் கரையில் நின்றால் காதில் விழாது. தண்ணீருக்குள் விழும் என்பது அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் கரையில் திருவிழாக் கூட்டம். சகலை பாட்டிலைத் தண்ணீரில் இறக்கி ஹெட்போனை மாட்டினான். முகம் சுருங்கியது. பொத்தான்களைத் திருகினான். மறுபடி திருகினான்.

"ணா, எங்கியோ என்ஜின் ஓடுது."

"எல்லாம் நிறுத்தியாச்சு. நானே சுத்திட்டு வந்தேன்."

"தடதடங்குதுணா."

"உன் பாட்டில்ல எண்ணெய் கொதிக்குதோ என்னமோ."

கூட்டம் சிரித்தது. ஒரு ஆள், "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினான். சகலையின் காது சிவந்துபோனது. அதைப் பார்த்து எனக்குள் இனித்தது. இந்த வார்த்தையை எழுதத்தான் ஆறு வருஷம். பொய் சொன்ன குற்றத்தைவிட, அந்த இனிப்புதான் எனக்குப் பெரிய பாரம். நான் தினமும் ஜெபிக்கிறவன். என் வீடு அடித்துக்கொண்டு போகலாம் என்று தெரிந்த அதே நிமிஷத்தில், அவன் தோற்றது எனக்குச் சோறு தின்றது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "இன்னா, மூஞ்சில வெளிச்சம் அடிக்குது?"

"ஒண்ணுமில்ல."

"என் தங்கச்சி வூட்டுக்காரு அங்க தல குனிஞ்சி நின்னாராம். உனுக்கு வயிறு குளுந்துச்சா?"

 என்னோடு வாழ்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சகலை கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைச் சந்தேகப்படவும் இல்லை. "பாட்டில்லதான் ஏதோ கோளாறு, நான்தான் சரியா பண்ணல" என்று சொல்லி, என் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து இன்னொரு பாட்டில் செய்தான். என் மனைவி தலைக்குத் தேய்க்க வைத்திருந்த எண்ணெயை வாங்கி ஊற்றினான். அவன் செய்ததை அவன் வாயாலேயே சொல்கிறேன்.

"ணா, கச்சேரில பாடறவன் மைக்குல மேளச் சத்தமும் ஏறிடும். மேளத்துக்குத் தனியா ஒரு மைக்கு வெச்சி, அதுல வர்றத இதுலேர்ந்து கழிச்சா பாட்டு மிஞ்சும். அதே மாதிரிதான். ஒரு பாட்டில் மதகாண்ட. இன்னொண்ணு இந்தத் தடதட எந்தப் பக்கம் அதிகமா கேக்குதோ அந்தப் பக்கம். இதுக்கு வயர மாத்திப் போட்டு ரெண்டையும் ஒண்ணா சேத்தா, அது ஏறும்போது இது எறங்கும். தடதட அடியோட போவாது. தணியும். மிச்சம் இருக்கறது ஓட்ட."

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தேட வாணாமா?" என்றேன்.

"எங்கேர்ந்து வந்தா எனக்கின்னா? அது வரட்டும். நான் கழிச்சிக்கிறேன்."

மறுநாளும் துண்டு ஏறியது. என்ஜின்காரரிடம் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. போகவில்லை. சகலை தோணியில் போய் ஒரு பாட்டிலைக் கோரைப் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டு வந்தான். பெட்டி முன்னால் உட்கார்ந்து பொத்தானை மயிரிழை மயிரிழையாகத் திருகினான். இன்னொரு பாட்டிலை ஒருவர் கரையோரமாக அடி அடியாக நகர்த்திக்கொண்டே போனார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கையைத் தூக்கினான்.

"இங்க. இங்கதான் உஸ்ஸுங்குது."

நான் மூட்டை போட வைத்த இடத்திலிருந்து வடக்கே நான்கு ஆள் தூரம். பழைய கல் படி ஒன்று தண்ணீருக்குள் புதைந்த இடம்.

தலைவர் என்னைப் பார்த்தார். "முங்கிப் பாத்துட்டு வந்துடுப்பா."

அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. வேறு எதுவும் மனதில் இல்லை. சகலை கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். "ணா, இடுப்புல கட்டிக்கோ. நான் புடிச்சிக்கிறேன்."

"வாணாம். எனக்கு நீ கயிறு புடிக்கிற அளவுக்கு வந்துட்டியா?"

அவன் முகம் வாடியது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தான்.

கடப்பாரையோடு இறங்கினேன். ஓராள் மட்டத்துக்கு மேல் தண்ணீர். தலை உள்ளே போனதும் முதலில் கேட்டது என் என்ஜின்தான். தடதடவென்று மண்டையெல்லாம் அதுதான். கடப்பாரையைக் கடித்தும் வேறொன்றும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்று சந்தோஷத்தோடு கல் படி மேல் காலை வைத்தேன். கல்லுக்குக் கீழே இருந்த ஏதோ என் காலைப் பிடித்து இழுத்தது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. ஓட்டை அங்கேதான் இருந்தது. ஏரித் தண்ணீர் முழுக்கப் பின்னால் நின்று என்னை உள்ளே தள்ளியது. இழுத்தேன், கல் விளிம்பு கெண்டைக்காலை அறுத்தது. கையை மேலே நீட்டினால் விரல்கூடத் தண்ணீரைத் தாண்டவில்லை. இடுப்பில் கயிறு இல்லை.

ஜெபம் பண்ணினேன் என்றுதான் சபையில் சொல்கிறார்கள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. கையில் கடப்பாரை இருந்தது. கல்லில் அடித்தேன். மூன்று அடி. விட்டு, மூன்று அடி. அடிக்கும்போதே எனக்குத் தெரிந்தது, இதை யாரும் கேட்கப் போவதில்லை. நான் ஓடவிட்ட என்ஜின் இதையும் மூடிவிடும். என் சாவை நானே ஏற்பாடு பண்ணிவிட்டு வந்து இறங்கியிருக்கிறேன்.

மேலே நடந்ததைப் பிறகு என் மனைவி சொன்னாள். சகலை ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து கத்தினானாம்: "மூணு மூணா தட்றாரு! மாட்டிக்கினாரு! எங்கண்ணன் மாட்டிக்கினாரு!" யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர், "கம்முனு இருப்பா, அவரு உள்ள கடப்பார ஊனிக்கினு இருப்பாரு" என்றாராம். நீச்சல் தெரியாத அவன் ஹெட்போனோடு, வயரோடு, தண்ணீரில் குதித்துவிட்டான். அவன் குதித்ததைப் பார்த்துத்தான் நீச்சல் தெரிந்த இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க, ஒருவர் காலைப் பிடித்துத் திருப்ப, மேலே வந்தேன். சகலையையும் தனியாக ஒரு ஆள் இழுத்துப் போட வேண்டியிருந்தது.

கரையில் கிடந்தேன். கால் ரத்தம் மண்ணில் ஓடியது. அவன் இருமிக்கொண்டே பக்கத்தில் வந்து, "பாட்டில் ரெண்டு இருந்துச்சோ பொழச்சோம்ணா. ஒண்ணுதான்னா உன் தட்டல் காதுல ஏறியிருக்காது" என்றான். பிறகு தலைவரிடம், "சார், அந்தக் கோரைப் பக்கம் நெசமாவே என்ஜின் ஓடிக்கினு கீது. போயி பாருங்க" என்றான்.

போய் எதிர்க்கரை வயல்காரரை அழைத்து வந்தார்கள். "துண்டு ஏறியும் ஓட்டுனியாமே? ஒரு ஆளு செத்திருப்பான்" என்று தலைவர் திட்டினார். ஆளாளுக்குத் திட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என் காலைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரும் எனக்கு மயக்கம் என்று நினைத்தார்கள்.

அன்றே வைக்கோல் புரியும் களிமண்ணும் சாக்கில் கட்டி ஓட்டையை அடைத்தார்கள். இரண்டு நாளில் கசிவு தெளிந்தது. எங்கள் தெரு பிழைத்தது. அடுத்த நவரைப் பட்டத்துக்கும் தண்ணீர் மிஞ்சியது. சங்கத்தில் சகலைக்கும் எனக்கும் மரியாதைக்குத் துண்டு போட்டார்கள். அவனுக்குப் போட்ட துண்டில் சரிகை இருந்தது. உயிரைக் காப்பாற்றியவன் தோளில் சரிகை இருக்கிறதா என்று பார்த்தவன் நான். இதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று வரைக்கும் அவன் எங்கே மைக் செட் போட்டாலும், கூட்டம் சேரும் முன்னால் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது மூன்று மூன்றாகத் தட்டுவான். யாராவது கேட்டால் கதையைச் சொல்வான். அவன் சொல்கிற கதையில் நான்தான் பெரிய ஆள். "எங்கண்ணன் தண்ணிக்குள்ள சாவுற நேரத்துலகூட பதறல. கணக்கா மூணு மூணா தட்டினாரு" என்பான். அந்த ஸ்பீக்கரில் என் புகழ் ஊரெல்லாம் கேட்கும். நான் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவன் என்னைத் திட்டினால்கூடத் தாங்கிவிடலாம் என்று தோன்றும்.

இதை எழுதுவதற்கு முன்னால் எதிர்க்கரை வயல்காரரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னார்: "எழுதிக்கோ. நான் ஒண்ணும் உனுக்காக கம்முனு இல்லப்பா. துண்டு ஏறினத நானும் பாத்தேன். நீ ஓட்டுன்னதும், நாத்து காயுதே, நல்லதாப் போச்சுன்னு ஓட்டுனேன். எனக்கும் அதுல பங்கு கீது." பிறகு, "ஆனா மொதல்ல உன் சகலையாண்ட சொல்லணும், என்னாண்ட இல்ல" என்றார்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். தம்பி, அன்றைக்கு உன் பாட்டிலில் கோளாறு இல்லை. உன் காது சரி. நீ என்ஜின் என்று சொன்னாய், அது என்ஜின்தான். ஓடவிட்டது நான். கூட்டம் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது அதில் மனசு நிறைந்து நின்றவனும் நான்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று முடித்தால் நன்றாக இருக்கும். போகவில்லை. போன ஞாயிறுகூட மாமியார் வீட்டில் அந்த நாற்காலியைப் பார்த்தேன். இப்போது அந்தப் பொறாமை மண்டைக்குள் தடதடக்கும்போது, இது அந்த என்ஜின் என்று மட்டும் தெரிந்துகொள்கிறேன். கர்த்தர் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்.

சபையில் இருக்கிறவர்கள் இதைப் போனில் அடுத்தவருக்கு அனுப்புவீர்கள் என்று தெரியும். அனுப்புங்கள், அதற்குத்தான் எழுதினேன். ஆனால் உள்ளபடியே அனுப்புங்கள். சாட்சி அழகாக இருக்க வேண்டும் என்று கடப்பாரை தட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடாதீர்கள். என்னை நல்லவனாக்கி ஒரு வரி சேர்க்காதீர்கள். "நீங்க ஓட்டுங்க" என்று கோரைக்குப் பின்னால் நான் சொன்ன அந்த இடம், நான் எழுதியபடியே, என் சகலையின் கைக்குப் போய்ச் சேரட்டும்.